பல்லக்கா கேட்ட கேள்வி

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பல்லக்காதான். பல் எடுப்பாக இருந்ததால் வந்த பெயர் என்று நினைக்க வேண்டாம். ஊரில் பாதிப் பேர் வாயில் இருக்கும் பல் அவள் கையால் வந்தது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் தன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டரில் தாடையை வார்த்து, ரோஸ் நிற மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, அரைத்து, மெருகேற்றி செட்டாக்கித் தருவாள். விசேஷ வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் கண் ஈறைத்தான் பார்க்கும். "இது என்னோடது" என்று கணவர் காதில் சொல்வாள். கணவர், "சும்மா இரு, திருப்பிக் கேட்டுடப் போறாங்க" என்பார்.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது, அது வீட்டுக்குள் மட்டும் புழங்கியது. சிறு வயதில் அவளுடைய அம்மா வைத்த பெயர்: கல்வெட்டு. அவளிடம் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான், அழியாது. நல்ல சொல்லும் அப்படித்தான், கெட்ட சொல்லும் அப்படித்தான். ஆனால் கெட்ட சொல்தான் ஆழமாகப் பதியும்.

அவளுக்கு ஒரே அண்ணன். வீட்டில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்றபோது அண்ணன் போனார். அவள் ஒரு பல் டாக்டரிடம் அளவெடுக்கும் தட்டு கழுவப் போய், அங்கேயே பல் கட்டக் கற்றுக்கொண்டாள். அதுகூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அண்ணன் வங்கியில் சேர்ந்து, மேனேஜராகி, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அவளுக்குப் படிப்பு ஏறல, அதான் கைத்தொழில்ல விட்டோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் பாருங்கள், அது பதிந்தது. வகுப்பில் அவள் முதல் மூன்று பேருக்குள் வந்தவள்.

அப்படியும் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. அதற்குக் காரணம் அண்ணி. அண்ணி வந்த நாள் முதல் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பல்லெல்லாம் விழுந்து செட் வைக்க வேண்டி வந்தபோது, அண்ணி சொன்னதால்தான் பல்லக்கா செய்து கொடுத்தாள். அந்த பிளாஸ்டர் தாடை அவளுடைய அலமாரியில் மற்ற தாடைகளோடு இருந்தது.

அவளுடைய கணவர் டிரைவிங் மாஸ்டர். சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து ஓட்டப் பயிற்சி கொடுத்துவந்தார். பயந்து நடுங்கி வருகிறவர்களை ஒரு அதட்டல் இல்லாமல் சாலையில் இறக்கிவிடும் மனுஷன். இரண்டாவது கார் வாங்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்துவந்தார். தொற்று வந்து ஊர் அடைத்ததும் பயிற்சி நின்றது. யார் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? பல் டாக்டர்களும் கடையை மூடினார்கள். இருவரும் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் பங்குச்சந்தைக் குழு ஒன்று ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் என்றால் கேட்க வேண்டுமா, தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தினம் சாயங்காலம் எல்லாரும் குரல் அழைப்பில் கூடுவார்கள். மாஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு, பல்லக்காவின் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். பல்லக்கா பழைய அச்சுகளைத் துடைத்தபடி கேட்பாள். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே.

பேச்செல்லாம் ஒரே ஒரு வங்கியைச் சுற்றித்தான். தனியார் வங்கி, பெரிய பெயர், ஊரடங்கில் பங்கு விலை தலைகுப்புற விழுந்திருந்தது. விழ விழ வாங்குங்கள் என்றார் அண்ணன். வங்கியின் தலைவரும் ஆளுங்கட்சியும் நகமும் சதையும் என்றும், கடன் தவணையைத் தள்ளிவைத்த அரசாங்கம் வங்கியைத் தண்ணீரில் விட்டுவிடுமா என்றும் கேட்டார். அவரோடு மல்லுக்கு நின்றவர் கணக்கு வாத்தியார் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர். தவணை கட்டாதவர்கள் இனி எப்போதுமே கட்ட மாட்டார்கள், வங்கி காட்டும் லாபம் காகிதத்தில்தான் இருக்கிறது என்று அவர் வாதாடுவார்.

"அரசாங்கமே பின்னால நிக்குது சார்," என்றார் அண்ணன் ஒருநாள்.

"பின்னால நிக்கிறவன்தான் சார் தள்ளியும் விடுவான்," என்றார் வாத்தியார்.

பல்லக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் அதற்குள் இரண்டாவது காருக்கு வைத்திருந்தது முழுக்க அந்த வங்கிக்குள் போயிருந்தது. மச்சான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார். பல்லக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் அவள் பலமுறை நினைத்தாள்.

விலை இன்னும் இறங்கியது. குழுவில் சிலர் விற்கத் தொடங்கினார்கள். அண்ணன் கொதித்துப்போனார். இப்போது விற்கிறவன் தன்னை மட்டும் கெடுக்கவில்லை, கூட இருப்பவன் வீட்டுக்கும் தீ வைக்கிறான், அவன் துரோகி என்று பேசினார். நாட்டுப்பற்று வரைக்கும் போய்வந்தார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் மாஸ்டர் தயங்கித் தயங்கி, "மச்சான், பாதியவாவது வித்துடலாமான்னு பாக்குறேன்," என்றார்.

அண்ணன் சிரித்தார். "மாப்ளே, உங்க கார்ல மட்டும்தான் பக்கத்து சீட்டுக்கும் பிரேக் இருக்கு. பழக்க தோஷம், எங்க உக்காந்தாலும் கால் அதத் தேடுது. இந்த வண்டிய ஓட்டுறது நான். நீங்க பின்னாடி உக்காந்து வேடிக்க பாருங்க."

முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் சின்ன போன் ஸ்பீக்கரில் அது தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் கேட்கும். மாஸ்டரும் கூடச் சிரித்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். பல்லக்காவின் கையில் அப்போது யாருடைய அச்சோ இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் விற்கவில்லை.

வங்கியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. டெபாசிட் போட்டவர்கள் பயப்பட வேண்டாம் என்றார்கள். பங்கு வைத்திருந்தவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தப் பங்குகளுக்கு இனி மதிப்பில்லை என்று ஒரு வரியில் முடித்தார்கள். வங்கித் தலைவர் குடும்பத்தோடு எங்கோ போயிருந்தார். குழுவில் அன்று யாரும் பேசவில்லை. அண்ணன் மட்டும், எல்லாரோடும் சேர்ந்து நானும் மூழ்கினேன், மனம் தளர வேண்டாம் என்று ஒரு செய்தி போட்டார். பலர் அதற்குக் கும்பிடு போட்டார்கள்.

மாஸ்டர் இருந்த காரையும் விற்றார். பக்கத்து மருந்துக்கடையில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். போன வீடுகளில் எந்த வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டதோ, தொற்று அவரைப் பிடித்தது. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். பல்லக்கா வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, உள்ளே இருமல் நிற்கிறதா என்று கதவில் காதை வைத்து நிற்பாள். இருமல் நின்றால் அதைவிடப் பயமாக இருக்கும்.

அந்த நாட்களில் அண்ணன் ஒருமுறை போன் செய்தார். நஷ்டக் கதையைக் குழுவில் யாரும் எழுத வேண்டாம், மற்றவர்கள் சோர்ந்துபோவார்கள், மாப்பிள்ளையிடமும் சொல்லிவை என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் கேட்டார்.

அண்ணி மட்டும் தினமும் பேசினாள். வெந்நீர் கொடு, குப்புறப் படுக்கச் சொல், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று நான் விசாரிக்கிறேன் என்று அந்தப் பக்கமிருந்து தாங்கிப்பிடித்தாள். ஒரு நாள் பல்லக்கா உடைந்து அழுதுவிட்டாள். இரண்டாவது காருக்கு வைத்திருந்ததும் போய், இருந்த காரும் போய், இப்போது மனுஷனும் போய்விடுவாரோ என்றாள். அண்ணிக்கு மனசு தாங்கவில்லை.

"பணம் இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும்மா. எங்களுக்கும் போயிருக்கும். ஏதோ உங்கண்ணன் முன்னாடியே வித்ததால..." என்று ஆரம்பித்து, அண்ணி நிறுத்தினாள்.

பல்லக்காவின் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. "எப்ப அண்ணி வித்தாரு?"

மறைக்கத் தெரியாதவள் அண்ணி. கொஞ்சம் இழுத்து, பேத்தி பிறந்தநாளுக்கு முந்தின வாரம் என்றாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள்.

பேத்தி பிறந்தநாளை வீடியோவில் எல்லாருமாகச் சேர்ந்து கொண்டாடியது பல்லக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. துரோகி என்ற பேச்சும் பிரேக் ஜோக்கும் அதற்கு அப்புறம். தன் பையைக் காலி செய்து கரையேறி நின்றுகொண்டுதான் அவள் புருஷனைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார். இவர்கள் வாங்க வாங்கத்தான் அவருக்கு விற்க முடிந்திருக்கிறது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பின்னறைக்குப் போய், அலமாரியில் இருந்த அண்ணனின் பிளாஸ்டர் தாடையை எடுத்து மேஜைமேல் தன் எதிரில் வைத்தாள். மாஸ்டர் தேறி எழுந்து உட்காரும்வரை அது அங்கேயே இருந்தது. காலையில் விளக்கைப் போட்டதும் அதைப் பார்ப்பாள். வன்மத்தை வளர்க்கப் பால் தேவையில்லை, பார்வை போதும்.

அப்புறம் அண்ணனே வந்தார்.

முதலில் போன். குரல் யாருடையது என்றே அவளுக்குப் புரியவில்லை, காற்றாக வந்தது. பல் செட்டைக் கழுவும்போது கைதவறி வாஷ்பேசினில் விழுந்துவிட்டது, மேல் செட் இரண்டாகப் பிளந்தது, கீழ் செட் சுக்குநூறு. டாக்டர்கள் யாரும் வாயைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன விசேஷம் என்பது அவளுக்கும் தெரியும். பணம் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து சிறு பங்குதாரர் சங்கம் ஆரம்பிக்கிறார்கள், வீடியோக் கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். போட்டியிடுகிறவர்கள் இருவர். ஒருவர் கணக்கு வாத்தியார், உடனே வழக்குப் போட வேண்டும் என்பவர். இன்னொருவர் அண்ணன். வழக்கெல்லாம் வேண்டாம், அமைச்சரை நேரில் பார்த்துப் பேசலாம் என்பது அவர் கட்சி. கூட்டத்தை வழக்குப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டால் ஏதோ ஒரு வாரியத்தில் நாற்காலி கிடைக்கும் என்று ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் சொல்லியிருப்பதாக ஊரில் பேச்சு.

பல்லக்கா வாசலில் ஒரு வாளியில் மருந்துத் தண்ணீர் வைத்தாள். அண்ணன் முகக்கவசத்தோடு வந்து, உடைந்த துண்டுகளை அதில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். கவசத்துக்குமேல் இரண்டு கண்கள் மட்டும் கெஞ்சின. அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"முடிச்சுத் தரேன்," என்றாள்.

மேல் செட்டை ஒட்டினாள், பிளவில் பெயர்ந்த முன்பல் இரண்டை மட்டும் மறுபடி மெழுகில் நட வேண்டியிருந்தது. கீழ் செட்டைப் பழைய தாடையின்மேல் புதிதாகக் கட்டினாள். பல்லை மெழுகில் நடும்போதுதான் அந்த யோசனை வந்தது. மேல் செட்டின் முன்பல் இரண்டையும் பிரித்து, இடையில் ஒரு மயிரிழை இடம் விட்டு வைத்தால் போதும். வாயைத் திறந்து பங்கு, சந்தை, சங்கம் என்று பேசும்போதெல்லாம் குக்கர்போல விசில் அடிக்கும். கீழ் செட்டைக் கொஞ்சம் தளர விட்டால் ஆவேசமாகப் பேசும்போது அதுவும் சேர்ந்து ஆடும். இருநூறு பேர் பார்க்க. அவள் அப்படியே வைத்துப் பார்த்தாள். தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வந்து நின்றார். என்ன சிரிப்பு என்று கேட்டார். அதுவரை பூட்டி வைத்திருந்ததை அவள் அன்றைக்குத்தான் கொட்டினாள். அண்ணி சொன்னது, பிறந்தநாள், பிரேக், விசில், எல்லாம்.

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மன்னித்துவிடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சொன்னது வேறு.

"விசில் அடிச்சா சிரிப்பாங்க. என்னயப் பாத்தும்தான் சிரிச்சாங்க. மறுநாளே மறந்துட்டாங்க. சிரிச்சுட்டா அவரு தப்பிச்சுருவாரு."

அவள் முன்பல் இரண்டையும் மெழுகிலிருந்து பிடுங்கினாள். மறுபடி நட்டாள், இம்முறை சேர்த்து. வாழ்நாளில் அவள் செய்த செட்டுகளிலேயே அதுதான் திருத்தமானது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் கடியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். கண்ணாடிபோல மெருகேற்றினாள். சனிக்கிழமை காலையில் அண்ணன் வந்து, வாசலில் நின்றபடியே திரும்பி மாட்டிக்கொண்டு, வங்கி, சங்கம், அமைச்சர் என்று சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்தும் சறுக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"உன் கைய யாரும் அடிச்சுக்க முடியாது," என்றார். பிறந்ததிலிருந்து அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உள்ளே எங்கோ ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரைத் தூக்க இரண்டு கையையும் பயன்படுத்துவதைப் பார்த்தாள். இளகியது மறுபடி இறுகிவிட்டது.

ஞாயிறு காலை போனை மேஜையில் சாய்த்துவைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஒரு அச்சகக்காரர், அவருக்கும் நிறையப் போயிருந்தது. வாத்தியார் முதலில் பேசினார், வழக்கம்போல் நீட்டிவிட்டார். அண்ணன் பேசும்போது குரல் மணிபோல் ஒலித்தது. உங்களில் ஒருவனாக மூழ்கியவன் நான், உங்கள் கண்ணீரும் என் கண்ணீரும் ஒன்று என்றார். பலர் கைதட்டும் படம் போட்டார்கள்.

கேள்வி கேட்கலாம் என்றார் அச்சகக்காரர். பல்லக்கா மாஸ்டரின் பெயரில் கையுயர்த்தி, ஒலியைத் திறந்தாள்.

"அண்ணே, நான்தான். ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்ட இருந்த பங்க நீங்க எப்ப வித்தீங்க?"

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "இது பொதுக்கூட்டம்மா. வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்கலாம்."

"வீட்டு விஷயம் இல்லண்ணே. பேத்தி பிறந்தநாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"யார் சொன்னா உனக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர் தலை தன்னையறியாமல் பின்னால் திரும்பியது. அறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். வாயைப் பொத்தியிருந்தாள். இருநூறு சதுரங்களும் அதைப் பார்த்தன.

"யார் சொன்னாங்கங்கறது அப்புறம் சார்," என்றார் வாத்தியார், முதல் முறையாகச் சுருக்கமாக. "வித்தீங்களா, இல்லையா?"

அண்ணன் காதைத் தொட்டுக் காட்டி, சரியாகக் கேட்கவில்லை என்றார். லைன் விட்டுவிட்டு வருகிறது என்றார். அந்த அம்மாவின் ஒலியை அணையுங்கள் என்று அச்சகக்காரரிடம் கேட்டார். லைன் கெட்டவருக்கு அந்த அம்மா பேசுவது மட்டும் எப்படிக் கேட்டதோ. அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையும் அணைக்கவில்லை.

"நேத்துத்தான அண்ணே பல்லு செஞ்சு குடுத்தேன்," என்றாள் பல்லக்கா, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல். "பேச்சு தெளிவா வருதுல்ல? பதில் சொல்லத்தான் அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

அண்ணனின் சதுரம் கறுத்தது.

மாஸ்டர் கையை நீட்டி அவள் புறங்கையைத் தொட்டார். அவளுக்கு எத்தனையோ வருஷமாக அடைத்திருந்த காற்று வெளியே போனதுபோல் இருந்தது. எழுந்துபோய் அண்ணனின் பிளாஸ்டர் தாடையைச் சுத்தியால் ஒரே போடாகப் போட்டாள். தூள் மாஸ்டர் சட்டையெல்லாம் பறந்தது.

வாத்தியார் தலைவரானார். வழக்குப் போட்டார்கள். அது தவணைமேல் தவணையாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது, போனதில் எதுவும் திரும்பி வரவில்லை. ஆளுங்கட்சிக்காரர் அண்ணனின் போனை எடுப்பதை நிறுத்தினார். குழுவிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. அவர் போட்ட செய்திக்குக் கீழேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். அதனால் அவரே வெளியேறினார். பால் வாங்கப் போகும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார். இதையெல்லாம் தெரு வழியாகக் கேட்கும்போது பல்லக்காவுக்கு ருசித்தது. ருசித்ததை அவள் மறைக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் கசந்தது. அண்ணன் அன்றிலிருந்து அண்ணியோடு பேசவில்லை. ஒரே வீட்டில் தட்டை அவளிடமிருந்து வாங்காமல் தானே எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார். அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன் ஒருமுறை பல்லக்காவைக் கூப்பிட்டாள்.

"உன் புருஷனுக்காகக் கேட்ட, சரி. நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனா என் வாயிலேர்ந்து எடுத்து அடிச்சியே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அடிச்சிருக்கக் கூடாதா?"

பல்லக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அண்ணி அதற்குள் போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதை நினைத்து அவள் அழுததுண்டு. அப்படி அழும்போதும் அண்ணன்மேல் இருந்த ஆத்திரம்தான் கூடியது. தன்மேல் பாதியும் அவர்மேல் பாதியுமாகப் பங்கு போட வேண்டிய குற்றத்தை முழுசாக அவர் கணக்கிலேயே எழுதினாள்.

ஊர் மெல்லத் திறந்தது. மாஸ்டர் வேறொருவர் காரில் பயிற்சி கொடுக்கப் போனார். மாடியேறினால் மட்டும் மூச்சு வாங்கும். பல் டாக்டர்கள் கடையைத் திறந்தார்கள், முகக்கவசத்துக்குள் பல்லே இல்லாமல் ஓட்டியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்ததில் பல்லக்காவுக்கு நிமிர நேரமில்லை.

தடுப்பூசி போட ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசை நின்றது. பல்லக்கா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தண்ணீர் குடிக்கக் கவசத்தை இறக்கியபோது அவள் பார்த்தாள்: கீழ் செட் தளர்ந்திருந்தது, நாக்கால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். ஆள் இளைத்தால் ஈறும் இளைக்கும். உள்பக்கம் ஒரு பூச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும், அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. அவருக்கும் அது தெரியும்.

வரிசை வளைந்து திரும்பியபோது அவர் பக்கத்தில் வந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் எழுதியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கீழ் செட்டு ஆடுது."

"தெரியுது," என்றாள் பல்லக்கா.

உள்ளேயிருந்து அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டபடி உள்ளே போனாள்.